நிறுத்திப் பார்த்த பரிசு

"ஊதுங்க. இன்னும். வயித்துலேருந்து ஊதுங்க" என்று சொல்லும்போது ஜெபராணி தன் கன்னத்தையும் உப்பிக்கொள்வார். எதிரில் இருப்பவர் கண்ணாடிக் குழாய் வழியாகப் பையை ஊதி முடிக்கிறவரை அந்தக் கன்னம் இறங்காது. குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் பரல்கள் பச்சையாக மாறினால் உள்ளே சாராயம் போயிருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் ஜெபராணி பிஸ்கட் டின்னை நீட்டுவார். டின் நிறைய மடித்த சீட்டுகள். கையை விட்டு எடுத்தால் சோப்பு வரும், துண்டு வரும், எவர்சில்வர் டம்ளர் வரும். யோகம் இருந்தால் பிரஷர் குக்கர் வரும். சில சீட்டுகளில் 'நல்லது, தொடருங்கள்' என்று மட்டும் இருக்கும். அதை எடுத்தவர் முகம் தொங்கிப்போனால், கைப்பையைத் துழாவி ஒரு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆராய்ச்சி விதிப்படி அது தப்பு.

ஜெபராணி தேசூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். சென்னையில் உளவியல் படித்தவர். ஊரெல்லாம் சாராயக்கடை திறந்திருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக ஆரணிக்கு வந்து, ஒரு சிறிய மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். யாரோடு பேசினாலும் அரையடி கூடுதலாக நெருங்கி நிற்பார். மூச்சை மோந்து பார்க்கிற பழக்கம். அரிசி ஆலைக்காரர்கள் அவரைக் கண்டால் பாக்கு மெல்லத் தொடங்கிவிடுவார்கள் என்று ஒரு கேலி உண்டு. ஆண்பிள்ளைக் குடை ஒன்றை இடுக்கிக்கொண்டு பட்டுத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடந்தே போய் ஆள் சேர்த்தார்.

ஊர் திடுக்கிட்டது. குடிக்கிறவனுக்கு அடி கொடுக்கலாம், சத்தியம் வாங்கலாம், கோயிலில் கயிறு கட்டலாம். பரிசு கொடுப்பார்களா? முன்பு தேசூரில் இருந்த சபைப் போதகர் பவுல்துரை நேரிலேயே வந்துவிட்டார்.

"குடிகாரனுக்கு குக்கராம்மா? கேக்கவே வெக்கமா இருக்குது."

"ஐயா, ஓய்வுநாள் பள்ளியில வசனம் ஒப்பிச்சா கலர் படம் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? நான் படத்துக்காகத்தான் வந்தேன். வசனம் அப்புறமாதான் பிடிச்சுது."

அடுத்த மாதம் போதகரே இரண்டு பேரை அனுப்பிவைத்தார்.

ஜெபராணியை வாயடைக்கவைத்தது முனியம்மாள்தான். கணவன் ராஜவேலு பட்டுத்தறி நெசவாளி. கூலி கைக்கு வந்தால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும். அவனை இழுத்துவந்து உட்காரவைத்த முனியம்மாள், டின்னையும் அலமாரியில் அடுக்கிய சாமான்களையும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. இந்தாளுக்கு இத்தினி வருசமா வடிச்சுக் கொட்டிகினு இருக்கேன். எனக்கு யாரும் ஒரு சோப்பு குடுக்கலியேம்மா."

ஜெபராணி அன்றைக்கே முறையை மாற்றினார். சீட்டு எடுப்பது கணவன்; அதில் சின்னப் பரிசா பெரிய பரிசா என்று மட்டும் இருக்கும். சோப்பா துண்டா டம்ளரா என்று பொருளைப் பொறுக்குவது மனைவி.

ராஜவேலு முதலில் டம்ளருக்காக வந்தான். பிறகு முனியம்மாள் பொறுக்குவதைப் பார்க்க வந்தான். அவள் சோப்பை முகர்ந்து முகர்ந்து வைத்துவிட்டு எடுக்கையில் அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். "ஜல்தியா எடுடி, டாக்டரம்மாவுக்கு வேற வேலை இல்லியா" என்பான். வாரங்கள் போயின, பரல்கள் மஞ்சளாகவே நின்றன. முதலாளி நம்பிக் கல்யாணப் புடவைக்குப் பாவு, தறியில் நீளவாட்டில் கட்டும் பட்டு நூல், கொடுத்தார். குக்கர் விழுந்த அன்று அவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் சக்கரவர்த்தி சென்னையிலிருந்து நினைவூட்டினார். குடி குறைந்தது பரிசாலா, உங்கள் அன்பான பேச்சாலா? பரிசை நிறுத்துங்கள். குடி திரும்பினால், காரணம் பரிசுதான். ஜெபராணியே ஆராய்ச்சித் திட்டத்தில் எழுதிக்கொடுத்திருந்த கட்டம்தான் அது. அறிவியலில் வழக்கமான ஒன்று. அவர் டின்னை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். வந்தவர்களிடம் "இனிமே பரிசு இல்லீங்க, ஆனா ஊதணும்" என்று மட்டும் சொன்னார்.

ராஜவேலு இரண்டு முறை வந்து ஊதினான். மூன்றாவது முறை வாசலில் தயங்கி நின்றான். ஊதினான். பரல்கள் ஒரு முனையிலிருந்து மெல்லப் பச்சையாயின. ஜெபராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டபடியே நடக்கிறது. நான் நினைத்தது சரி. நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். தேர்வில் முதல் வந்த பிள்ளையின் துள்ளல். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். சிவந்த கண்களோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் புன்னகைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உதட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

அந்த வாரமே முனியம்மாள் வந்தாள், வலது கை மாவுக்கட்டோடு.

"இன்னா ஆச்சு முனியம்மா?"

"குடிச்சிட்டு வந்து தறியில இருந்த பாவு நூலை அறுத்தாரு. கல்யாணப் பொடவை. தடுக்கப் போனேன். தள்ளுனதுல தறிக்குழில வுழுந்துட்டேன்." நாற்காலியில் உட்காரவில்லை. "டின்னு இல்லன்னுட்டீங்களாமே. சாமான் தீந்துபோச்சா?"

முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையச் சோப்பும் துண்டும் இருந்தன. சென்னையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தீரல."

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?"

"நிறுத்துனா திரும்பக் குடிக்கிறாங்களான்னு பாக்கறதுக்கு."

முனியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பிறகு விளங்கியது. ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"குடிப்பாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"குடிப்பாருன்னுதான் நெனச்சேன்."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்க." குரல் உயரவே இல்லை. "எங்க வூட்ட வச்சா பாத்தீங்க? வேற எடமே கெடைக்கலியாம்மா?"

அவள் போன பிறகு ஜெபராணி நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. ஊரே அதிர்ச்சியடைந்தபோது சிரித்தவர் அவர். இப்போது குடி திரும்பிவிட்டது என்று சிரிப்பில்லாமல் பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் அவர் உற்சாகமாக இருந்தார். "அருமை. மறுபடி டின்னை வையுங்க. குடி குறைஞ்சுதுன்னா நிரூபணம் முழுசாயிடும்." ஜெபராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருப்பிக் கொடுப்பதும்கூட அதே திட்டத்தின் அடுத்த கட்டம்தான். அதையும் எழுதிக்கொடுத்தவர் அவரேதான்.

டின்னை வைத்தார். யார் எப்போது குடித்தார்கள் என்று வரைபடம் வரைவதை விட்டார். ஆய்வேட்டைக் கொடுக்கவே இல்லை. இன்றும் ஆரணியில் அவரை டாக்டரம்மா என்கிறார்கள். "டாக்டர் இல்லீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் திருத்துகிறார். புதிதாக வருகிறவரையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்து, பரிசு எப்போது குறையும், எதற்காகக் குறையும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார். ராஜவேலு வெகுநாள் வரவில்லை. வந்த பிறகும் சில முறை பச்சை, பிறகு மஞ்சள், நடுவில் மீண்டும் ஒரு பச்சை. கடைசியில் மஞ்சளில் நின்றான். முதலாளி அதன்பிறகு கல்யாணப் புடவை கொடுக்கவே இல்லை.

மாவுக்கட்டு இருந்த அந்த வாரங்களில் ஜெபராணி மாலைதோறும் முனியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஜெபராணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அடுப்படிக்குள் போய்விட்டாள். ராஜவேலு தறியில் குனிந்தபடி அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருப்பான், நிமிரமாட்டான். ஒரு நாள் முனியம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கையால் கூந்தலைச் சுருட்டப் பார்த்தாள். சுருட்டச் சுருட்ட அவிழ்ந்தது. ஜெபராணி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பின்னால் போய் மண்டிபோட்டார். கூந்தலை இரண்டு கையாலும் அள்ளினார். முனியம்மாளின் தோள் விறைத்தது. ஜெபராணி அள்ளியதை விடாமல் அப்படியே காத்திருந்தார். சற்று நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமல், முனியம்மாள் தன் இடது கையைத் தோளுக்கு மேலே நீட்டினாள். விரல்களுக்கு நடுவில் ஒரு கொண்டை ஊசி இருந்தது.