பச்சை ஒயரும் கல்யாண வண்டியும்

சுரங்கப் பணிமனையில் இருபது வருடமாக மோட்டார் பழுது பார்க்கிறேன். பழைய காரின் மேக்னெட்டோவை அதுவரை கையால் தொட்டதில்லை. ஆனால் "தெரியாது" என்று சொல்கிற நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால்தான், எங்கள் ஆபீசில் கான்டிராக்டில் வேலை செய்யும் குள்ளஞ்சாவடிப் பெண் ஒரு கட்டைப்பையோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, "வை, பாத்துடலாம்" என்றேன்.

பைக்குள் அவள் அப்பா வாங்கிப்போட்ட பழங்காலக் காரின் மேக்னெட்டோ. பேட்டரி இல்லாமலே இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பெட்டி. திங்கட்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

"அந்த வண்டிய நானே ஓட்டிகினு கோயிலுக்கு வருவேன்னு மாப்ள வூட்ல சொல்லிட்டேன்க்கா. காயலான் கடைக்குப் போற வண்டின்னு அவங்கம்மா சிரிக்கிறாங்க. வரலன்னா காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாங்க."

"நீ ஏன்டி வாயக் குடுத்த?" என்றேன். அதை நான் கேட்டது அநியாயம்தான்.

மேசையில் வைஸ் மாட்டி மேக்னெட்டோவை இறுக்கினேன். டிரில் மெஷினை அதன் தண்டோடு பொருத்தி அவள் கையில் கொடுத்தேன். தண்டு சுற்றினால் கம்பி முனையில் நீலப்பொறி குதிக்க வேண்டும். சுரங்கத்தில் எர்த் கொடுக்காமல் நாங்கள் எதையும் தொட மாட்டோம். அந்தப் பழக்கதோஷத்தில் பச்சை ஒயரை எடுத்து, பெட்டியின் உடம்புக்கு ஒரு எர்த், பின்னாலிருந்த சின்னத் திருகுக்கும் ஒரு எர்த் கொடுத்தேன்.

டிரில் கத்தியது. பொறி இல்லை. துடைத்துவிட்டுச் சுற்றினோம். ம்ஹூம். "உள்ள கம்பி சுத்தின காயில் போயிடுச்சி" என்று பெரிய டாக்டர் மாதிரி அறிவித்தேன்.

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடவே கோபமும். "ஒங்கள நம்பி வந்தேன் பாருங்க!" என்று டிரில்லை நிறுத்தாமலே இடது கையை வீசினாள். வளையலில் மாட்டி, திருகிலிருந்த பச்சை ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. செத்த பெட்டிதானே என்று நான் பிடித்திருந்த கம்பியில் டப்பென்று பொறி இறங்கியது. "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுக்காரர் குக்கர் வெடித்துவிட்டதென்று ஓடிவந்தார். அவள் கண்ணைத் துடைக்காமலே சிரித்தாள்.

அந்தத் திருகு இன்ஜினை நிறுத்துவதற்கானது. ஸ்விட்சைத் திருப்பினால் அது எர்த் ஆகி, பொறி நின்றுவிடும். பொறியின் கழுத்தை நானே நெரித்துவிட்டு, போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. "இந்தத் திருகுல ஒரு ஒயரும் மாட்டக் கூடாது, அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லு" என்று அடித்துச் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வந்ததே வண்டி! பட்டுப் புடவையில் அவளே ஓட்டிவந்தாள். மாமியார் வாயே திறக்கவில்லை.

வண்டி வாயை மூடவில்லை. ஸ்விட்சைத் திருப்பினாள், இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி திருப்பினாள். அவள் அப்பா பெட்ரோல் குழாயை அடைத்தார். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோலில் அப்போதும் நிற்கவில்லை. கோயிலுக்குள் குருக்கள் பூசைக்குக் காத்திருந்தார். மாமியார் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

'ஒரு ஒயரும் கூடாது' என்ற என் பேச்சைக் கேட்டு ஸ்விட்ச் ஒயரையும் அவள் அப்பா மாட்டாமல் விட்டிருக்கிறார்! தூணுக்குப் பின்னால் பதுங்கிய என்னை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கோவ்! ஒங்க பச்சை ஒயரு எங்க?"

கைப்பையில்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் அது இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன். பானெட்டைத் தூக்கி, ஒரு முனையை இன்ஜின் உடம்பிலும் மறுமுனையை அந்தத் திருகிலும் வைத்தேன். சட்டென்று நின்றது.

மாமியார் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு மருமகளிடம், "திரும்பிப் போறப்ப நானும் இதுலதான் வருவேன்" என்றார். என்னைக் கை காட்டி, "நிறுத்தறதுக்கு அந்தம்மாவையும் ஏத்திக்கோ."