ஏழாம் ஆணி

காணைப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிப் புதுச் சாலை போட அளந்துகொண்டிருந்த குழுவில் அளவை மெஷின் பார்ப்பவர் சுஃப்யான். கோட்டக்குப்பத்துக்காரர், வயது நாற்பத்திரண்டு. கத்தாருக்கு ஸ்டாண்டு தூக்கும் கூலியாகப் போனவர், எட்டு வருடத்தில் மெஷினைக் கையாளக் கற்றுக்கொண்டு திரும்பினார். அளவு ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

ஐப்பசி மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரைமேல் இருபது மீட்டருக்கு ஓர் ஆணி அடித்து எண் போட்டிருந்தார்கள். திங்கள்கிழமை எடுத்த அளவுகளை வியாழக்கிழமை சரிபார்த்தபோது எல்லாம் ஒத்துப்போயின, ஏழாம் ஆணியைத் தவிர. அது இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

“புகழேந்தி, கோலை நேரா புடிச்சிக்கினு இருக்கியா?” என்று ஏழாம் ஆணியில் அளவுகோல் பிடித்து நின்ற உதவியாளனிடம் போனில் கேட்டார்.

“நேராத்தான் பாய் நிக்குது. மட்டக் குமிழி நடுவுலதான் இருக்குது.”

மெஷினை மறுபடி மட்டம் பார்த்து நிறுத்தினார். பள்ளிக்கூடச் சுவரில் குறித்துவைத்த புள்ளியைப் பார்த்தார். அது அசையவில்லை; மெஷினில் பிழை இல்லை. சனிக்கிழமை காலை ஏழாம் ஆணி ஐந்து சென்டிமீட்டர் இறங்கியதோடு, கரைக்குக் கீழே இருந்த வீடுகளின் பக்கம் சாய்ந்தும் இருந்தது.

சுஃப்யான் மேலாளர் கோதண்டபாணிக்குப் போன் போட்டார்.

“மெஷின் கோளாறா இருக்கும் பாய். ரோட்டு அளவை மட்டும் ஜல்தி அனுப்புங்க. ஏரி நம்ம வேலை இல்ல.”

போனை வைத்துவிட்டு அவர் கரையிலிருந்து இறங்கினார். கீழே பதினோரு வீடுகள். முதல் வீட்டு வாசலில் பாஞ்சாலி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

“நாலு நாளா இப்படித்தான் பாய் ஊறிக்கினு கெடக்குது. மொதல்ல தெளிவா வந்துச்சு, இன்னிக்குச் சேறா வருது.”

சுஃப்யான் குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளினார். கரையின் மண் அதில் கரைந்து வந்துகொண்டிருந்தது.

“அக்கா, கரை உள்ளாற அரிச்சிக்கினு இருக்குது. இப்பவே எல்லாரையும் கூட்டிக்கினு பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க.”

பாஞ்சாலி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஈரக்கையோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். “ரோடு போட எங்கள வெரட்டுறீங்களா?” என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அவருடைய தாயைப் புகழேந்தி தோளில் தூக்கிக்கொண்டு நடந்த பிறகுதான் அவரும் பின்னால் வந்தார். சுஃப்யான் தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டபோது, ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

யாரும் வந்து சேரவில்லை. மூன்று மணிக்கு ஏழாம் ஆணி இருந்த இடத்தில் கரை வாய் பிளந்தது. பள்ளிக்கூட மாடியிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். ஒன்பது வீடுகள் போயின. அவிழ்க்க மறந்த பசு ஒன்று கயிற்றோடு போனது. மனித உயிர் எதுவும் போகவில்லை.

அடுத்த வாரம் கோதண்டபாணி அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வியாழன், சனி அளவுகளை அழித்துவிடச் சொன்னார். கரை இறங்குவது முன்பே தெரியும் என்றால் கம்பெனிக்குப் பேஜாராகிவிடுமாம்.

“அழிக்க மாட்டேன் சார்” என்றார் சுஃப்யான்.

வேலை போயிற்று. இப்போது திண்டிவனத்தில் மனைப்பிரிவுகள் அளக்கிறார். கரை உடைந்ததை விசாரிக்கும் அதிகாரியிடம் அளவுகளின் நகலைக் கொடுத்ததிலிருந்து, தெரியாத எண்ணிலிருந்து ஒருவன் தினமும் கூப்பிடுகிறான்.

“பாய், இன்னிக்கு எந்தப் பக்கம் வேலை?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான்.