தேசாங்காவின் கிழக்குச் சுவர்

தேசாங்காவின் வீட்டுக் கூரை மேல் ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் காரை நிறுத்திவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. எங்கள் ஊரில் பாதி வீடுகள் மண்ணுக்கடியில். மேலே நின்று பார்த்தால் செம்மண் மேடும், காற்றுக்காக நட்ட தகரக் குழாய்களும்தான் தெரியும். தேசாங்கா குழாய்க்குக் கீழே நின்று, "யாருய்யா அது, என் அடுப்பு மேல?" என்று கத்தியிருக்கிறாள். பூமிக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு அந்த மனிதர் சிலுவை போட்டுக்கொண்டாராம்.

இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தவள், அடுத்த நிமிஷமே முகம் வாடினாள். "ரோசாந்தா கூரை மேல யாரும் நிறுத்த மாட்டாங்க, அக்கா. அவளுக்குத்தான் வேலி இருக்கே."

அதுதான் தேசாங்கா.

பத்தொன்பது வயதில் செர்பியாவிலிருந்து மிலுனைக் கட்டிக்கொண்டு இந்த ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்கு வந்தாள். மிலுன் ஓபல் என்கிற ரத்தினக் கல் தோண்டுகிறவர். அவள் ஓட்டல் அடுப்படியில் இருபத்தாறு வருஷம் நின்றாள். பக்கத்து வீட்டு ரோசாந்தாவின் புருஷனுக்கு வீட்டுக்குள் குளியலறை தோண்டப் போன இடத்தில் நல்ல ஓபல் கிடைத்தது. அதில்தான் வளைவு வைத்த பெரிய கூடம், வேலி எல்லாம் வந்தன. தேசாங்கா வீட்டில் குளியலறை தோண்டியபோது கிடைத்தது குளியலறை மட்டும்தான்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது டிசம்பர் பத்தொன்பது.

எங்கள் செர்பிய ஆட்களில் வீட்டுக்கொரு புனிதர் உண்டு. அவருடைய நாளில் வாசலைத் திறந்து வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, இனிப்புக் கோதுமையும் சிலுவை போட்ட ரொட்டியும் செய்து காத்திருக்க வேண்டும். யாரையும் அழைக்கக் கூடாது. நினைப்பிருக்கிறவர்கள் தாங்களாக வருவார்கள். கோவில் பாதிரியார் சாமி வந்து ரொட்டியை மந்திரித்து வெட்டுவார். தேசாங்காவுக்கும் ரோசாந்தாவுக்கும் ஒரே புனிதர், நிக்கோலாஸ். ரோசாந்தா வீடு சாலையோரம் என்பதால் சாமியும் சனமும் முதலில் அங்கே நுழைந்து, மீனும் பீன்ஸும் தின்று, கூடத்துக் குளிர்ச்சியில் அப்படியே சாய்ந்துவிடுவார்கள்.

போன வருஷம் தேசாங்கா வீட்டுக்கு வந்தது என்னோடு சேர்த்து நாலு பேர். சாமி வந்தபோது மணி மூன்று.

"நின்னுட்டே ரெண்டு ஸ்பூன் சாப்ட்டாரு, அக்கா," என்று கோவிலில் என்னிடம் அழுதாள். நான் அங்கே மெழுகுவத்தி பார்த்துக்கொள்கிறவள். "ஒரே ஒரு வருஷம் என் ரொட்டிய அவர் முதல்ல வெட்டணும். கடவுள்கிட்ட வேற எதுவுமே கேக்கல."

கேட்டதோடு விடவில்லை. நவம்பர் கடைசியில் மிலுனைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு கூடம் தோண்டு. அவளோடத விட ஒரு முழம் பெருசா."

"எந்தப் பக்கம்டி தோண்டறது? மேற்கே பாறை, வடக்கே சாலை."

"கிழக்கே தோண்டு."

சாமி கிழக்கே பார்த்துத்தான் பாடுவார் என்பதால் கிழக்குச் சுவரில்தான் புனிதரின் படம். அதற்கு அந்தப் பக்கம் ரோசாந்தா வீடு. மிலுன் மேலே போய், அவர்களுடைய காற்றுக்குழாயிலிருந்து காலடி வைத்து அளந்தார். நடுவில் நாலு மீட்டர் மண் இருக்கிறது என்றார். படத்தைக் கழற்றிப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டு, பிக்காசை எடுத்தார்.

மூன்றாம் நாள், இரண்டரை மீட்டரில் பிக்காசு 'பொசுக்'கென்று உள்ளே போனது. ஓட்டையில் வெளிச்சம். வெளிச்சத்தில் ஊறுகாய் ஜாடிகள். ஜாடிகளுக்கு நடுவில் ரோசாந்தாவின் கண்.

"மிலுன், என் முட்டைக்கோஸ் ஊறுகாய் மேல மண்ணக் கொட்டறியே, கண்ணு தெரியலையா?"

"இங்க ஏதுடி உனக்கு ரூம்?" தேசாங்கா புருஷனைத் தள்ளிவிட்டு ஓட்டையில் முகத்தை வைத்தாள்.

"போன குளிர்காலத்துல தோண்டினோம். சாமான் ரூம்."

"யார்கிட்டயும் சொல்லாமலா?"

"நீ மட்டும் தமுக்கடிச்சுட்டா தோண்டற?"

மிலுன் சிமெண்டு வாங்கப் போகிறேன் என்றார். இரண்டு பெண்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு தேசாங்கா என் காதில் சொன்னாள்: "அவ வீட்டுக்கு வர்ற கூட்டத்துக்கு என் மீன் வாசனை போகட்டும், அக்கா. எத்தன பேர் அங்க உக்காந்திருப்பாங்கன்னு பாக்கறேன்." ரோசாந்தா மனதில் என்ன இருந்ததோ, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஓட்டையை ஆள் நுழையும் வாசலாக வெட்டிவிட்டார்கள்.

அந்த நாள் வந்தது. மேலே நாற்பத்தைந்து டிகிரி வெயில். காலை பத்து மணிக்கு சாமி வழக்கம்போல ரோசாந்தா வாசலில்தான் இறங்கினார். புதுக் கூடத்தில் நின்ற தேசாங்கா, அவர் குரல் கேட்டதும் ரொட்டியைத் துணியால் மூடிவிட்டாள்.

சாமி சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?" என்று வாசலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, தேசாங்காவின் மேஜை முன்னால் நின்றார். பாடுவதற்குக் கிழக்கே திரும்பினார். வெட்டிய வாசல் வழியாக, சாமான் அறையையும் தாண்டி, ரோசாந்தா கூடத்தின் கடைசிச் சுவரில் அவளுடைய நிக்கோலாஸ் படம் நேராகத் தெரிந்தது.

"ரோசாந்தா, உன் ரொட்டியையும் இங்க கொண்டா. ஒரே புனிதருக்கு எதுக்கு ரெண்டு தடவ பாடணும்?"

தேசாங்காவின் ரொட்டி மேஜையில் இருந்தது. அதைத்தான் முதலில் வெட்டினார். கூடம் நிறையச் சனம். நான் தேசாங்காவைப் பார்த்தேன். முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஒரு சிரிப்பு. பாட்டு முடிவதற்குள் அது பாதி அணைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் என்னோடு பாத்திரம் கழுவினார்கள்.

"சாமி உன் படத்தப் பாத்துல்ல பாடினாரு," என்றாள் தேசாங்கா. "என் நிக்கோலாஸ் பக்கச் சுவத்துல அனாதையா தொங்கறாரு."

ரோசாந்தா தட்டை 'டங்'கென்று வைத்தாள். "நின்னது உன் வீட்ல, வெட்டினது உன் ரொட்டிய முதல்ல. என் கோதுமைல ஒரு வாய் வச்சாரா? ஊர்ல எல்லாரும் வருஷா வருஷம் என் வீட்ல உக்காந்துட்டு, 'தேசாங்கா கோதுமை மாதிரி வராது'ன்னுதான் பேசறாங்க. என்னதான் போடறன்னு பாக்கத்தான் இந்தப் பக்கமா ரூமே தோண்டினேன்."

தேசாங்கா கை ஈரத்தைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "வால்நட்ட வறுத்துப் போடணும்," என்றாள். எத்தனை நேரம் வறுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த வாசலுக்கு இன்னும் கதவில்லை. தேசாங்கா தன் பக்கம் சரிகைத் திரை போட்டாள். ஒரு வாரத்தில் ரோசாந்தா அவள் பக்கம் தரை வரை தொங்கும் திரை போட்டாள். நான் ஞாயிறுதோறும் கோவிலில் இருவர் பெயருக்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். ஒரே நீளமாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். இருவரும் தனித்தனியாக வந்து அளந்துவிட்டுத்தான் மண்டியிடுகிறார்கள்.