பட்டி பூசிய ஏழாம் நம்பர்

ஐம்பத்துமூன்று வயதில், புத்தம் புதிய கோல்ஃப் மட்டைகள் ஏழையும் சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டுபோய், அவற்றின் முதுகில் பட்டி பூசி வாங்கி வந்தவன் நான். விவரம் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட லாரியைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது என் வேலை. பழைய நெளிவின்மேல் பட்டியை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டு, "ஒரு கீறல் இல்லாம இருந்த வண்டிங்க சார்" என்று சத்தியம் செய்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் முப்பது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. அதற்கென்றே சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். பட்டி இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது.

கோல்ஃபுக்கு எப்படி வந்தேன் என்று கேட்டால், உட்கார முடியாததால் வந்தேன். ஒரு புத்தகத்தை எடுத்தால் நாற்பதாம் பக்கத்தில் வேறொன்று ஞாபகம் வரும். அதை எடுக்க எழுந்தால் ஜன்னல் கொக்கி ஆடுவது கண்ணில் படும். திருப்புளி தேடிப் போனவன் அரைமணி நேரம் கழித்து டார்ச்சைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். தேனீ வளர்த்தேன், என்னைவிடப் பொறுமை இல்லாமல் அவை ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன. தொலைநோக்கி வாங்கினேன், கிரகங்கள் நகரும் வேகம் எனக்குப் போதவில்லை. கோல்ஃப் மட்டும் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தது. அதற்குக் காரணம் ஆட்டம் இல்லை. பாய்.

பாய் சேலத்தில் பழைய லாரிகளை வாங்கி விற்பவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஒரு டிப்பரின் பின்கதவு எப்போது அடிபட்டது என்று நடுரோட்டில் சண்டை போட்டுத்தான் நாங்கள் அறிமுகமானோம். காந்தம், கீந்தம் எதுவும் அவருக்கு வேண்டாம். கார்ச்சாவியால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். தினம் நடக்கச் சொல்லி டாக்டர் அவரிடம் சொன்னபோது, "சும்மா எப்படிய்யா நடக்குறது, பைத்தியக்காரன்னு நினைக்க மாட்டானா?" என்று கேட்டு, நடப்பதற்கு ஒரு சாக்காகக் கோல்ஃபைப் பிடித்துக்கொண்டார். என்னையும் இழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலையில் என் காரில் அவரும் நானும் மோகனூர்ப் பக்கம் போவோம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் ஆட்டம். வாரத்தில் அந்த அரைநாள் மட்டும் நான் கடிகாரம் பார்ப்பதில்லை.

மைதானம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர், அதை மூடிவிட்டு, இருந்த நிலத்தில் ஆறு குழி தோண்டி வைத்திருக்கிறார். குழியைச் சுற்றிப் புல் வளரவில்லை என்பதால் எண்ணெய் கலந்த மணலை இறுக்கிப் பரப்பியிருக்கிறார். பழைய கொட்டகைகள் அப்படியே நிற்கின்றன. காற்றடிக்கும் திசையைப் பொறுத்துக் கோழிகளும் இன்னும் அங்கேயே இருப்பதுபோலத் தோன்றும். வலதுபக்கம் முழுக்கக் கரும்பு. நான் அடித்த பந்துகளில் பாதி அந்தக் கரும்புக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் நிலத்துக்காரர் ஒரு வாளிப் பந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இந்தத் தடவை நல்ல விளைச்சலுங்க" என்பார்.

இப்படி விளைந்ததற்கு என் மட்டைகளே காரணம். ஏற்காட்டில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு பெரியவரிடம் வாங்கியவை. முழுக்க அடித்துச் செய்த மெல்லிய இரும்பு. பின்புறம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. கை தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கானது. நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் பந்து பட்டால் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல இருக்கும் என்று படித்திருந்தேன். ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை அப்படி இருந்தது. மற்ற நேரமெல்லாம், மார்கழிக் குளிரில் மின்கம்பத்தைக் கம்பியால் அடித்தமாதிரி முழங்கை வரை விண்ணென்று ஏறும்.

மற்றவர்கள் எல்லாரும் பின்பக்கம் குடைந்த தடித்த மட்டை வைத்திருந்தார்கள். கனத்தை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் முகம் திரும்பாது, ஓரளவு நேராகப் போகும். அதை வைத்துத்தான் நாமக்கல் கண் டாக்டர் ஒருவர் மௌனமாக, ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு நாள் டீ குடிக்கும்போது நான் சொன்னேன்: "அது மூணு சக்கர சைக்கிள் சார். விழவும் மாட்டீங்க, ஓட்டவும் கத்துக்க மாட்டீங்க." டாக்டர் புன்னகைத்தார். எனக்கு அது போதவில்லை. மட்டைகளின் வரலாறு, இரும்பின் தன்மை, மனித முயற்சியின் மேன்மை என்று டீ ஆறும்வரை பேசினேன். அடுத்த சனிக்கிழமையும் பேசினேன். நான்கு வருஷம் பேசினேன்.

தை மாதத்தில் அங்கே ஜோடி ஆட்டம் நடக்கும். ஐந்து ஜோடிகள். பாயும் நானும் நான்கு வருஷமும் கடைசி. ஐந்தாம் வருஷம் தீபாவளி முடிந்த கையோடு, காரில் திரும்பி வரும்போது, ராசிபுரத்துக்கு முன்னால் பாய் வாயைத் திறந்தார்.

"என்னய்யா, அந்தக் கத்தியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நல்ல மட்டையா ஒண்ணு வாங்கித் தொலையேன்."

"பழக்கத்துல வந்துரும் பாய்."

"எப்ப? எனக்கு அறுபது ஆச்சு. நீ இப்படியே ஆடினா தைக்கு நான் டாக்டரைச் சேத்துக்குவேன். சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்சியத் தூக்காத."

விளையாட்டாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பாருய்யா என்றார். டாக்டரோடு சேர்ந்துவிட்டால் பயிற்சிக்கும் அவரோடுதான் போவார். பிறகு சனிக்கிழமை காலையில் நான் என்ன செய்வேன்? வீட்டில் பிரிக்காத டார்ச்கூட ஒன்று மிச்சமில்லை.

இரண்டு வாரம் நிலைகொள்ளவில்லை. சர்வே ரிப்போர்ட்டில் தர்மபுரி லாரியின் நம்பரை ஆத்தூர் லாரிக்கு எழுதினேன். கடைசியில் ஒரு நாள் வீட்டில் வேறெதோ சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். கடைக்காரர் ஒரு தடித்த மட்டையைக் கையில் கொடுத்து, "இது ரொம்ப மன்னிக்கும் சார்" என்றார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கத் தோன்றியது. பத்துப் பந்து அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தேன். எட்டு நேராகப் போயின. அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கு அவமானமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

திரும்பும் வழியில் பவானி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டிக்கியைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்ப வந்து திறந்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் சோப்பு டப்பா மாதிரி ஒரு குழி. பையிலிருந்து உருவியதுமே டாக்டர் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். புன்னகைப்பார். அந்தப் புன்னகையைத்தான் என்னால் தாங்க முடியாது. மூன்றாவது தடவை திறந்தபோது, சங்ககிரி இன்னும் அரைமணி தூரம்தான் என்பது உறைத்தது.

அங்கே எனக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். எத்தனையோ லாரிகளில் அவர் கைவேலையைக் காந்தம் வைத்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதற்காக அவருக்கு என்மேல் வருத்தம் கிடையாது; தொழில்மரியாதை உண்டு. ஏழாம் நம்பர் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்தக் குழிய அடைக்கோணுங்களா?"

"அடைச்சு, பின்னாடி ஒண்ணுமே இல்லாத மாதிரி வழவழன்னு இருக்கணும்."

"பட்டி போட்டுங்களா?"

"ஆமா."

"நீங்களே கேக்கறீங்களா சார்?"

"நானேதான்யா."

அவர் ஏழு மட்டைகளையும் வாங்கி வரிசையாகப் பரப்பினார். குழி ஆழமாக இருந்ததால் அடியில் ஒரு தகரத் துண்டை வைத்து, மேலே பட்டியை அப்பி, காயவைத்துத் தேய்த்து, வெள்ளி பெயிண்ட் அடித்தார். அழகான வேலை. என்னிடமே ரிப்போர்ட் கேட்டிருந்தால், சேதம் எதுவுமில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கோயம்புத்தூரில் நேராகப் போன மட்டை, மோகனூரில் போகவில்லை. கனமாக, மந்தமாக இருந்தது. பந்து பட்டால் தேங்காயைச் சாக்கோடு போட்டமாதிரி டொக்கென்று ஒரு சத்தம். கனம் ஓரத்துக்குப் போனதுதான் அதன் சூட்சுமம் என்று டாக்டருக்கு எதிராக நான்கு வருஷம் நானேதான் விளக்கியிருந்தேன். அதே நான்தான் நடுவில் தகரம் வைத்து அடைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. கை பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாத ஜோடி ஆட்டத்தன்று முதல் குழியில் பாய் என் பையிலிருந்து ஒன்றை உருவினார்.

"புதுசா?"

"பழசுதான் பாய். பாலிஷ் போட்டேன்."

அவர் கார்ச்சாவியை எடுத்து அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். திருப்பி வைத்துவிட்டார். டீக்கடை மேஜையைக்கூடத் தட்டுகிற மனுஷன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று குழிகளில் இரண்டு பந்து கரும்புக்குப் போயின.

நான்காவது குழி. ஏழாம் நம்பரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். மட்டை இடத்தோளுக்கு மேல் சுற்றி வந்த வேகத்தில் ஏதோ ஒன்று அதிலிருந்து கழன்று பின்னால் பறந்தது. எங்களுக்கு அடுத்து ஆடக் காத்துக்கொண்டிருந்த டாக்டரின் காலடியில் போய் விழுந்தது. டாக்டர் குனிந்து எடுத்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்து, இமையைத் தூக்கிப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க சாமான்ல ஏதோ கழண்டுடுச்சுங்க" என்றார். புன்னகைக்கக்கூட இல்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார்.

பாய் அதை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். "பிரைமர் அடிக்கலை" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மட்டை எடுத்தபோதெல்லாம், முதுகில் குழி தெரிந்த அந்த ஏழாம் நம்பராலேயே அடித்தேன். ஐந்தாவதில் பந்து மட்டையின் நுனியில்தான் பட்டது. கரும்புக்குத்தான் என்று நானே நடக்க ஆரம்பித்துவிட்டேன். பந்து லேசாக வளைந்து, மனம் மாறியதுபோல் மணலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கையில் விண்ணென்று எதுவும் ஏறவில்லை. திரும்பிப் பாயைப் பார்த்தேன். அவர் காலில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் நாங்கள் கடைசி. வழிநெடுக அந்த ஒரு அடியைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு வந்தேன். பாய் தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதுபோலச் சாய்ந்திருந்தார். கேட்க வேண்டியதை அன்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை மற்ற ஆறு மட்டைகளிலிருந்தும் பட்டியைச் சுரண்டி எடுக்கச் சங்ககிரிக்குப் போனேன். அங்கே ஒரு பழைய லாரி பார்க்க வேண்டும் என்று பாயும் வந்திருந்தார். பெயிண்டர் உளியை வைத்துத் தட்டினார். தகரம் டங்கென்று கழன்று விழுந்தது.

"நான் அன்னைக்கே நெனச்சனுங்க சார், இந்தக் குழி ஏதோ காரியத்துக்குத்தான் இருக்கும்னு" என்றார். "சரி, சர்வேயருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுறப் போவுதுன்னு உட்டுட்டனுங்க."

பாய் சிரிக்கவில்லை. ஒரு காலி டிரம்மின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு நடை நடந்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"அடுத்த தைக்கு டாக்டரா பாய்?"

"டாக்டரைத் தீபாவளிக்கு முன்னாடியே கேட்டாச்சுய்யா" என்றார் பாய். "முடியாதுன்னுட்டாரு. 'உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுட்டா, அப்புறம் கடைசியா வர்றதுக்கு ஆளு வேணுமுங்களே பாய்'னு கேக்குறாரு."