நெருக்கிய உப்பு

பொட்டாசியம் குளோரைடு என்றால் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. பொட்டாஷ் என்றால், வயலில் அதைக் கை நிறைய அள்ளி வீசிய அத்தனை பேருக்கும் தெரியும். அந்த உப்பின் படிகத்தைத்தான் ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்கில் அமுக்கிக்கொண்டிருந்தேன். அமுக்க அமுக்க, வெப்பம் அதனுள் வேகமாக ஓடும். ஓர் அளவைத் தாண்டினால் அயனிகளின் அடுக்கே மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஆறாக இருந்த அண்டை அயனிகள் எட்டாகும். அத்தோடு வெப்பம் கடத்துவது சட்டென்று விழுந்துவிடும். அண்டை கூடினால் வெப்பம் இன்னும் நன்றாகத்தானே போகவேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதறுவதைப் பலகையில் எழுதிக் காட்டுவேன். எனக்கு அது புரிய எங்கள் தெரு போதும்.

கோட்டையில் ஏழைகளின் ஆட்சி என்று ஒலிபெருக்கிகள் முழங்கிய காலம். அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக அப்பாவைக் களத்தில் வைத்து மிராசுதாரின் ஆட்கள் அடித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் அடி விழுந்தால் பார்த்தவர் சோற்றுத் தட்டைத் தட்ட வேண்டும். கேட்ட வீடு தன் தட்டைத் தட்டிக்கொண்டே வெளியே வர வேண்டும். அன்று அம்மா தட்டினாள். சத்தம் தெருக்கோடிவரை ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் தெருவே அரிவாளோடு களத்தில் நின்றது. அடித்தவர்களில் ஒருவனுக்குக் காது போனது. மற்றவர்கள் ஓடினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்காக இன்றும் வெட்கப்படவில்லை.

சில நாட்களில் மிராசுதாரின் ஆட்கள் திரும்பி வந்து தெருவின் ஒரு சாரியைக் கொளுத்தினார்கள். ஆட்சி அனுப்பிய போலீஸ் வேன் மிராசுதார் வீட்டு வாசலில் நின்றது. வீடிழந்தவர்கள் எதிர்ச்சாரிக் குடிசைகளுக்குள் புகுந்தார்கள். ஓர் அடுப்புக்கு மூன்று குடும்பம், கால் நீட்ட இடமில்லை. பக்கத்துக் குடிசையில் ஒண்டியவள் அம்மாவிடம் வந்து, "ஒங்க வீட்டுக்காரராலதாங்க்கா எங்க கூரை போச்சு" என்றாள். எவனாவது கோபத்தில் கிளம்பினால், "நீ போனா எங்களயும் சேத்துல்ல கொளுத்துவான்" என்று கூட இருந்த குடும்பம் இழுத்துப் பிடித்தது.

ஒரு நடுப்பகலில் அதே ஆட்கள் அப்பாவைத் தேடித் தெருவுக்கே வந்தார்கள். மயிரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு நுகத்தடியால் அடித்தார்கள். முழங்கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள் என் வாயைப் பொத்தி அமுக்கிக்கொண்டார்கள். அம்மா தட்டினாள். தட்டு நசுங்கும்வரை தட்டினாள். பதிலுக்கு ஒரு தட்டும் சத்தம் போடவில்லை. கடைசியில் அந்தத் தட்டாலேயே ஒருவன் முகத்தைக் கிழித்தாள். அவன் உதைத்ததில் வாய்க்காலில் போய் விழுந்தாள். எழுந்து வருவதற்குள் அப்பாவின் தலையைப் பிளந்துவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் எல்லோரும் வந்து அழுதார்கள். கூரை போச்சு என்றவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா தட்டுச் சத்தம் கேக்கலக்கா" என்றாள்.

அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை.

"கேட்டிருக்காதும்மா. உள்ள அவ்வளவு பேரு இருந்தீங்க."