ஐந்து வருஷ ஃபீஸையும் மொத்தமாகக் கட்டிய வீட்டுக் கதிரேசன்

கதிரேசன் போய்விட்டான். இன்று விடியற்காலை, சுங்கை பூலோ வீட்டில். ஹார்ட்.

ஊருக்கெல்லாம் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னவன் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. அஞ்சலியெல்லாம் எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் கிள்ளான் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நாங்கள் ஒரே பேட்ச். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன். டெக்னிக்கல் ஸ்கூலில் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு மெடிசினுக்கு வந்தவன். ஒயரிங் தெரியும், பக்குவமாகப் பேசத் தெரியாது.

கதிர் வீட்டில் கிள்ளானில் ஜவுளிக்கடை. அப்பாவை அவன் ‘அப்பச்சி’ என்றுதான் கூப்பிடுவான்.

என் அப்பா ஒவ்வொரு டெர்முக்கும் ஒவ்வொருவரிடம் கடன் கேட்டு ஃபீஸ் கட்டினார். அவன் அப்பச்சி, மகன் சேர்ந்த அன்றைக்கே ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்களாம். ஜவுளிக்காரர் விடுவாரா...

“எங்க அப்பச்சி என்னை டாக்டராக்கல மச்சான். ஹோல்சேல்ல வாங்கிட்டாரு” என்று கதிர் சிரிப்பான்.

மூன்றாம் வருஷம் கல்லூரி நொடித்துப்போய் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஜூனியர்களுக்கு அரசாங்க ஃபீஸ். எங்களுக்குப் பழைய ஃபீஸ். ஒரே லேப், ஒரே லெக்சரர், கேன்டீனில் அதே ஆறிப்போன மீ கோரெங் நூடுல்ஸ்... ஃபீஸ் மட்டும் வேறு.

மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் ஆபீஸில் ஒரு வழி சொன்னார்கள். பாக்கியும் இனிமேல் கட்ட வேண்டியதும் எல்லாருக்கும் அரசாங்க ரேட். ஆனால் ஏற்கெனவே கட்டியது திரும்ப வராது. பேட்ச் முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கோர்ட். கேஸ் முடியும்வரை பழைய ஃபீஸ்தான், பாக்கி வைத்திருப்பவன் பரீட்சை எழுத முடியாது.

பாக்கி வைத்திருந்தவர்களில் முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கடன் கொடுக்க ஆள் யாரும் மிச்சமில்லை. அந்தப் பரீட்சை போனால் திரும்ப ஒயர் இழுக்கத்தான் போக வேண்டும்.

கேன்டீனில் மீட்டிங். முன்பணம் கட்டிய வீட்டுப் பிள்ளைகள் முடியவே முடியாது என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

“உங்களுக்குப் பணம்தான் போவுது. எனக்குப் படிப்பே போவுது லா!”

“உன் படிப்புக்கு எங்க அப்பாவா ஸ்பான்சர்?” என்றான் ஒருவன்.

கதிர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். “நீ வாயைத் தொறந்தா வர்ற ஆளும் போயிரும். உக்காரு.”

பிறகு அவர்களிடம் சொன்னான்: “இங்க யாரும் எங்க வீட்டு அளவுக்குக் கட்டல. நானே ஒத்துக்கிறேன்.”

“நீ ஒத்துக்குவே. உங்க அப்பச்சி? அவரு சரின்னா நாங்களும் சரி.”

அன்று சாயங்காலமே அவன் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனோம். அப்பச்சி ஒரு ஆன்டிக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். கதிர் எல்லாவற்றையும் சொன்னான்.

“அப்போ நான் வாங்கின தள்ளுபடி?”

“அதான் அப்பச்சி... இப்ப பேட்ச்லயே அதிக விலை குடுத்தது நாமதான்.”

கையில் இருந்த துணி அப்படியே நின்றது. பணம் போனதைவிட, தன் பேரம் தோற்றதுதான் அவருக்கு வலித்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். “அங்கிள், நீங்க சரின்னு சொல்லலைன்னா நான் பரீட்சை எழுத முடியாது” என்றேன்.

“இது யாரு?”

“என் ஃபிரண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸ்.”

“ரயில்வே படிக்கிறதுக்கு ஜவுளிக்கடை நஷ்டப்படணுமா?”

கதிர் அசரவில்லை. “தீபாவளிக்கு வாங்கின சேலை பொங்கலுக்கு விலை எறங்கினா, சப்ளையர்கிட்ட பணத்தைத் திருப்பிக் கேட்பீங்களா அப்பச்சி?”

“கேட்பேன்.”

“குடுப்பானா?”

“குடுக்க மாட்டான். ஆனா கேட்பேன்.”

துணி வாங்க வந்த ஆன்டி சிரித்துவிட்டார்.

“நல்லாக் கேளுங்க. இவன் பரீட்சை முடியட்டும், அப்புறம் தனியாப் போய்க் கேளுங்க” என்றான் கதிர்.

அப்பச்சி துணியைக் கிழித்து, மடித்து, அந்த ஆன்டியிடம் கொடுத்து அனுப்பினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “ஏய் ரயில்வே. சரின்னு சொல்லிட்டேன்னு அவனுங்ககிட்ட சொல்லு. ஃபெயிலானே... மொத்தத்தையும் உன்கிட்ட வசூல் பண்ணுவேன்.”

நான் பாஸ். கதிர்தான் ஒரு பேப்பரில் ஃபெயிலாகித் திரும்ப எழுதினான். அதற்கும் அப்பச்சியிடம் எனக்குத்தான் திட்டு.

அப்பச்சி சொன்னபடியே செய்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கல்லூரி ஆபீஸில் நுழைந்து பணத்தைக் கேட்பார். அவர்களும் பால் இல்லாத தே ஓ டீ ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். நாங்கள் படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மன்ஷிப் போன பிறகும் இது நடந்தது.

நான் எக்ஸ்ரே பக்கம் போனேன், ஒயர் ஆசை விடவில்லை. கதிர் கடைசிவரை அரசாங்க ஆஸ்பத்திரி. சந்தேகமான படம் எது வந்தாலும் எனக்கு போன் வரும். “ரயில்வே, இதைக் கொஞ்சம் பாரு. கத்தாமப் பதில் சொல்லு.”

போன வாரம்கூட ஒன்று அனுப்பினான். அந்தப் பேஷன்ட் பிழைத்துக்கொண்டார்.

இப்போதுதான் அவன் வீட்டிலிருந்து வருகிறேன். அப்பச்சி சக்கர நாற்காலியில் இருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

பிறகு மெதுவாக, “ரயில்வே... அந்தக் காலேஜ்காரன் இன்னும் குடுக்கல.”

“அடுத்த வாரம் போய்க் கேட்போம் அங்கிள். நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீ வாயைத் தொறக்காதே. நான் கேட்டுக்கிறேன்.”

சரி கதிர்... நாளைக்கு உன்னைத் தூக்க நானும் வருகிறேன். அடுத்த வாரம் காலேஜுக்குப் போக, அப்பச்சிக்கு என் காரில் முன் சீட். நீ நிம்மதியாகப் போடா.