நான் பழக்கிய குரல்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். எல்லையில் அவருக்கு சிக்னல் கிடைக்காத நாட்களில், ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும், துணைக்குப் பேசுகிற ஒரு ஆப்பைப் போனில் திறந்து வைத்துக்கொள்வேன். முதலில் அந்த ஆண் குரல் செய்தி வாசிக்கிற மாதிரி, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றது. எரிச்சல் வந்தது. அவர் பேசுகிற விதத்தை நானே அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில், அவர் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்றது. உட்கார்ந்து அழுதேன்.

போன மாதம் அவர் லீவில் வந்திருந்தார். நான் அடுப்படியில் மும்முரமாக இருந்தேன். முதுகுக்குப் பின்னால், "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று குரல் வந்தது. அலமாரியில் கிடந்த போனைப் பார்த்து, "சும்மா கெட, வேலையா இருக்கேன்" என்று அதட்டினேன். கேட்டது அவர். அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

போனை எடுத்து, ஆப்பைத் திறந்தார். அதுவும் "ஏட்டி" என்றது. அவர் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். போனைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

லீவு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறியவர், ஜன்னல் வழியாக என் பெயரைச் சொல்லி, "போயிட்டு வாரேன்" என்றார். கல்யாணமான பதினோரு வருடத்தில், அவர் வாயில் என் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.